மீட்டர் வச்சியாடா?

போன மாதம் என் தங்கை மகனோடு அவன் சிநேகிதன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். கையில் புதிதாக வாங்கிய ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர். வடபழனியிலும் கோடம்பாக்கத்திலும் ரெக்கார்டிங் தியேட்டர்களில் முப்பத்தொரு வருடம் நான் இந்தச் சாமான்களைத்தான் பராமரித்தேன் என்று தங்கை மகன் சொன்னான். "அங்கிள், இது சும்மா சவுண்டக் கூட்டுற பெட்டிதானே? இதுக்குன்னு தனியா ஒரு ஆளா?" என்று கேட்டான் அந்தப் பையன். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சத்தத்தைக் கூட்டுவது இந்த வேலையில் கடைசி. முதல் வேலை கணக்கு. சென்ஹைசர் எச்டி 650 என்றால் 300 ஓம், ஒரு வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல். பாட்டின் உச்ச இடத்தில் 110 டெசிபல் கிடைக்க இரண்டேகால் வோல்ட் போதும். எங்கள் தியேட்டரில் புழங்கிய சோனி எம்டிஆர் 7506-க்கு 63 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 106 டெசிபல். அதே 110-க்கு அரை வோல்ட்கூட வேண்டாம். போனில் செருகும் சின்ன டாங்கிளே ஒரு வோல்ட் வரை தரும். அப்படியிருக்க இந்தப் பையன் வாங்கி வந்தது 32 ஓமில் 2 வாட் தருகிற பெட்டி. அதில் அவன் மாட்டப்போவது காதுத் துளைக்குள் வைக்கும் இயர்போன், மில்லிவாட்டுக்கு 110 டெசிபல். அதில் 85 டெசிபல் கேட்க ஒரு மில்லிவாட்டில் முந்நூறில் ஒரு பங்குதான் செலவாகும். வால்யூமை ஒரு நூல் திருப்பினால் காது போச்சு. அந்த அடிக் கோடியில் இடது, வலது இரண்டும் சமமாகவும் இருக்காது. வால்யூம் பொட்டென்ஷியோமீட்டர்கள் பெரும்பாலும் அங்கே சரியாக ஓடுவதில்லை. கெயின் சுவிட்ச் இருந்தால் கீழே வையுங்கள். இல்லாத பெட்டியை இயர்போனுக்கு வாங்காதீர்கள். ஆம்ப்பின் அவுட்புட் இம்பிடென்ஸ், ஓம் கணக்கில், ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது.

இதெல்லாம் எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. தொழில் சொல்லிக்கொடுத்த மாஸ்டரிடமிருந்து வந்தது.

மாஸ்டரிடம் நான் சேர்ந்தபோது மூன்று மாதம் சால்டரிங் அயர்னைத் தொடவே விடவில்லை. மீட்டர் மட்டும்தான் கையில். ஹெட்போன் ஆம்ப் எது சர்வீஸுக்கு வந்தாலும், காயிலைக் கருக்கும் டிசி கசிகிறதா என்று பார்க்க, அவுட்புட்டில் 33 ஓம் ரெசிஸ்டரை லோடாகப் போட்டு, மீட்டரை 200 மில்லிவோல்ட் டிசியில் வைத்து, பின்னின் நுனிக்கும் அடிக்கும் நடுவே ஒரு தடவை, வளையத்துக்கும் அடிக்கும் நடுவே ஒரு தடவை அளக்க வேண்டும். ஆன் செய்ததும் அளந்தது கணக்கில்லை. இருபது நிமிடம் சூடேறிய பிறகு மறுபடி. வால்யூமை முழுக்கக் குறைத்து, முழுக்கக் கூட்டி மறுபடி. இன்புட்டில் கெப்பாசிட்டர் இல்லாத சர்க்யூட்டில் வால்யூமைத் திருப்பினால் டிசியும் கூடவே நகரும். இருபது மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சீட்டில் எழுதி அனுப்பலாம். ஐம்பதைத் தாண்டினால் பெட்டி மேஜையை விட்டு நகரக் கூடாது. தினமும் சாயங்காலம் அவர் கேட்பது ஒரே கேள்வி: "மீட்டர் வச்சியாடா?" "வச்சேன் மாஸ்டர்" என்று சொன்னால் போதாது, சீட்டைக் காட்ட வேண்டும்.

ஒரே ஒரு நாள் வைக்கவில்லை. ராத்திரி கால்ஷீட், வயலின் குழு உட்கார்ந்தாகிவிட்டது, ஒரு சேனல் ஊமையாக இருந்தது. பிடி 139, பிடி 140 ஜோடியை மாற்றினேன். அவசரத்தில் டிரான்சிஸ்டருக்கு அடியில் வைக்கும் மைக்கா ஷீட் கிழிந்ததைப் பார்க்கவில்லை. சத்தம் வந்தது, அதுவே போதுமென்று உள்ளே அனுப்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி 15 வோல்ட் சப்ளை நேராக ஹெட்போனுக்குப் போய்விட்டது. 63 ஓமில் 15 வோல்ட் என்றால் மூன்றரை வாட். செல்லோ வாசித்தவர் "டப்" என்ற அடியில் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். காயில் கருகிய வாடை அறை முழுக்க. மறுநாள் மதியம் வரை அவர் இடது காதைப் பொத்திக்கொண்டே இருந்தார். கேட்டல் திரும்பியது, கடவுள் புண்ணியம்.

மாஸ்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. கருகிய காயிலைப் பிரித்தெடுத்து, என் மேஜை விளக்கின் தண்டில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய வளையம், ஒரு பக்கம் தாமிர நிறம், மறு பக்கம் கரி. அவர் ஓய்வு பெறும் வரை அது அங்கேயே தொங்கியது. இப்போது என் வீட்டு மேஜையில் இருக்கிறது.

இன்று யார் மீட்டர் வைக்கிறார்கள்? சவுண்டு "வார்ம்" என்கிறார்கள், "ஏரி" (airy) என்கிறார்கள், அவுட்புட்டில் எத்தனை மில்லிவோல்ட் டிசி என்றால் முழிக்கிறார்கள். முன்பெல்லாம் ஆம்ப்புடன் சர்க்யூட் படம் வரும். இப்போது ஐசி மேலிருக்கும் நம்பரையே சுரண்டிவிட்டு விற்கிறார்கள். ரிப்பேருக்குக் கொண்டுபோனால் "போர்டு மாத்திக்கங்க" என்பதுதான் பதில். அதைவிட வயிற்றைக் கலக்குவது, 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு அவுட்புட்டில் ஒரு கன்வெர்ட்டரைச் செருகி சாதாரண ஹெட்போனை மாட்டுவது. பேலன்ஸ்டில் இரண்டு மைனஸும் கிரவுண்டு இல்லை, இரண்டிலும் தனித்தனியாக சிக்னல் ஓடுகிறது. கன்வெர்ட்டர் அந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஷார்ட் பண்ணிவிடும். ஆம்ப்பே எரியலாம். இரண்டு பின் அடாப்டரில் எர்த் இல்லாததால் உலோக மூடியைத் தொட்டால் சுருக்கென்று இழுப்பதையும் "அது அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். பாடகர் உதடு மைக்கைத் தொடும் இடத்தில் நாங்கள் அதை ஒரு நாளும் விட்டதில்லை.

காதுக்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் சொல்வது 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 100 டெசிபலில் பதினைந்து நிமிடம், அவ்வளவுதான். ஆம்ப்பை முதலில் ஆன் செய்யுங்கள், வால்யூம் பூஜ்யத்தில் இருக்கட்டும், பிறகு பின்னைச் செருகுங்கள், கடைசியில் காதில் வையுங்கள். முடிக்கும்போது தலைகீழ் வரிசை. கரண்ட் போய் வரும் ஊரில் இது ரொம்ப முக்கியம். ரிலே இல்லாத ஆம்ப் ஒவ்வொரு தடவை உயிர் பெறும்போதும் காதில் அறையலாம்.

அந்தப் பையன் மறுபடி வந்தான். அவன் பெட்டியை என் மேஜையில் வைத்து, 33 ஓம் போட்டு, இருபது நிமிடம் காத்திருந்து அளந்தேன். இடது பக்கம் 3 மில்லிவோல்ட். வலது பக்கம் 140. "ஆனா நல்லாத்தானே கேக்குது அங்கிள்" என்றான். எண்ணைச் சீட்டில் எழுதி அவன் கையில் கொடுத்து, வாங்கின இடத்திலேயே திருப்பித் தரச் சொன்னேன்.