ஆடி மாதத்தைத் தாங்கும் கேமரா

கல்யாணப் படமெடுக்கும் தொழிலில் இறங்கப்போகிறவர்கள் என்னிடம் வந்து எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்டால், ஆடி மாதம் வீட்டுச் செலவுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன். சிலருக்கு முகம் சுருங்கிவிடும். ஆனால் இந்தத் தொழிலின் கணக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கத்து இந்து வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. புரட்டாசியிலும் பலர் தவிர்த்துவிடுவார்கள். தை, வைகாசி, ஆவணி வந்துவிட்டால் ஒரே முகூர்த்தத்துக்கு மூன்று வீட்டிலிருந்து கூப்பிடுவார்கள். வருமானம் இப்படி விட்டு விட்டு வரும். கேமராவுக்கு வாங்கிய கடனின் தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும்.

எனக்கும் பெரிய கேமரா மீது தீராத ஆசை இருந்தது. அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் உதவிக்கு நின்றுதான் தொழில் பழகினேன். பெண் அலங்காரம் செய்துகொள்ளும் அறைக்குள் படமெடுக்க ஒரு பெண் வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். தனியாக எடுக்கத் தொடங்கியபோது, மேடையில் நான் நிற்பதைப் பார்த்துப் பெரியவர்கள், "இந்தப் பாப்பா எடுத்தா சரியா வருமா?" என்று பக்கத்தில் கேட்பது என் காதில் விழும். அந்தக் கேள்விக்குப் பதிலாக என் தோளில் பெரிய வெள்ளை லென்ஸ் ஒன்று தொங்கினால் போதும் என்று நினைத்தேன். படத்துக்காக இல்லை, பார்ப்பவர்களுக்காக. தொழில் தொடங்கும் பலருடைய ஆசைக்கு உள்ளே இதுதான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பணத்தை எடுத்து வைக்கும் நேரத்தில் அந்த ஆசையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஸ்டுடியோ அண்ணனிடம் போய் நின்றேன். "அண்ணே, கையில இருக்கிறதோட கொஞ்சம் கடன் போட்டா புது மாடல் ஒண்ணு வாங்கிரலாம்" என்றேன். அவர், "ஒண்ணு வாங்காதம்மா, ரெண்டு வாங்கு. ரெண்டும் ஒரே மாதிரி வாங்கு. கடன் வாங்காம எது ரெண்டு வருதோ அதை வாங்கு" என்றார். நான் தொழிலில் கற்றதெல்லாம் இந்த மூன்று வரிக்குள் அடங்கிவிடும்.

காலமும் அதற்குத் தோதாக இருந்தது. 2018இல் நிக்கானும் கேனானும் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராக்களைக் கொண்டுவந்தன. வசதி உள்ளவர்கள் அவற்றுக்கு மாறத் தொடங்கியதும் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் செகண்ட் ஹேண்டில் கிடைத்தன. புதிதாக வந்த நிக்கான் இசட்6, கேனான் ஈஓஎஸ் ஆர் இரண்டிலும் கார்டு போட ஒரே இடம்தான். 2014இல் வந்த நிக்கான் டி750இல் இரண்டு எஸ்டி கார்டு போடலாம். எடுக்கிற ஒவ்வொரு படத்தையும் இரண்டிலும் எழுத வைக்கலாம். அதன் ஷட்டரை 1,50,000 முறை வரை சோதித்திருப்பதாக நிறுவனம் சொல்லியிருந்தது. ஓட்டம் குறைவான இரண்டை ஷட்டர் கவுண்ட் பார்த்து வாங்கினேன். பாட்டரி, சார்ஜர், லென்ஸ் எல்லாம் இரண்டுக்கும் பொது. இரண்டிலும் பட்டன்கள் ஒரே இடத்தில் இருப்பதால், கெட்டிமேளம் முழங்கும்போது விரல் தடுமாறாது.

ஒரு தை முகூர்த்தத்தில், பெண்ணை மேடைக்கு அழைத்து வருகிற நேரம் கேமராவில் கார்டு கோளாறு என்று வந்தது. ஷட்டர் விழவில்லை. தோளில் கிடந்த இரண்டாவது கேமரா பாடியை எடுத்தேன். நின்றுபோன பாடியில் பெண் தயாரானது, பாட்டியின் காலில் விழுந்தது, அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டது எல்லாம் இருந்தன. மதியம் பார்த்தபோது முதல் கார்டைக் கணினி திறக்க மறுத்தது. இரண்டாவது கார்டில் ஒரு படமும் குறையாமல் இருந்தது. அந்த வீட்டாருக்கு இது இன்றுவரை தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் வரவில்லை. தாலி கட்டுவதை இன்னொரு தடவை செய்யுங்கள் என்று யாரிடமும் கேட்க முடியாது. அதனால்தான் ஒற்றைப் பாடியோடு கல்யாணத்துக்குக் காசு வாங்குவது தவறு என்று அடித்துச் சொல்கிறேன். இரண்டாவது பாடிக்குப் பணம் சேரும்வரை இன்னொருவரிடம் உதவிக்குப் போகலாம். அது கௌரவமான வேலைதான்.

லென்ஸ் விஷயத்தில் மண்டபமே வாத்தியார். பெண்ணறை என்பது பல மண்டபங்களில் ஒரு கட்டில், ஒரு கண்ணாடி, ஒரு டியூப்லைட், உள்ளே பத்துப் பெண்கள். அங்கே 35 எம்எம்தான் உதவும். மேடையிலும் அதே கதை. தாலி கட்டும் நேரத்தில் அட்சதை போட உறவினர்கள் எழுந்து நெருங்கிவிடுவார்கள். வீடியோக்காரர் முன்னால் நிற்பார். நாத்தனார் முடிச்சுப் போடக் குனிவார். தள்ளி நின்று 70-200 வைத்தால் யாராவது ஒருவருடைய முதுகு கிடைக்கும். கைக்கெட்டும் தூரத்தில் நின்று 35இல் எடுத்தால் அந்த மூன்று முடிச்சும், அதைச் சுற்றியிருக்கிற முகங்களும் சேர்ந்து கிடைக்கும். கீழே உட்கார்ந்திருப்பவர்களின் முகங்களுக்கு 85. இந்த இரண்டும் எஃப் 1.8இல் வாங்கினேன். நான் ஏங்கிய வெள்ளை லென்ஸின் விலையில் சின்னப் பங்குதான் ஆயிற்று.

எஃப் 1.8 என்பது ஏன் முக்கியம் என்று கோயில் கல்யாணங்களில் புரியும். கேமராவோடு கொடுக்கிற சாதாரண ஜூம் லென்ஸ் நீட்டினால் எஃப் 5.6க்குப் போய்விடும். எஃப் 1.8 அதைவிட ஒன்பது பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். திருப்பரங்குன்றத்தில் முகூர்த்த நாளில் ஜோடி ஜோடியாகக் காத்திருப்பார்கள். கோயில் மண்டபம் என்றால் கல் கூரை, கல் தூண். கல்யாண மண்டபத்து வெள்ளைக் கூரையில் ஃப்ளாஷைத் திருப்பி அடித்தால் மெத்தென்று வெளிச்சம் இறங்கும். கல் கூரை அதை விழுங்கிவிடும். நேராக அடித்தாலோ ஓமப்புகைதான் வெள்ளையாகத் தெரியும், முகம் தெரியாது. பந்தல் என்றால் துணியின் நிறம் முகத்தில் இறங்கும். சிவப்புத் துணிக்குக் கீழே எல்லாரும் சிவப்பு. அதனால் ஃப்ளாஷ் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்றை ஓரமாக ஸ்டாண்டில் நிறுத்தி ட்ரிகர் போட்டு அடிப்பேன். நல்ல ரீசார்ஜ் செல்கள் நான்கு நான்காக எட்டு செட். பலர் கடைசியில் மிச்சப் பணத்துக்கு ஃப்ளாஷ் வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால் பாடியின் விலையைக் குறைத்தாவது இதற்கு ஒதுக்க வேண்டும். எல்இடி விளக்குகளின் கீழ் படத்தில் கோடு கோடாக விழும் தொல்லைக்குச் செலவே இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை நூறில் ஒரு பங்கு நொடியில் வைத்தால் பெரும்பாலும் கோடு போய்விடும்.

எனக்கு மிகவும் முக்கியமான ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளை பளீரென்ற வெள்ளை வேட்டி சட்டையில் இருப்பார். முகம் நம் ஊர் நிறம். கேமராவைத் தானாக அளக்க விட்டால், வெள்ளையைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்து முகத்தை இருட்டாக்கிவிடும். இன்னொரு பக்கம் பெண்ணின் ஜரிகையும் நகையும் பளபளத்து வெளுத்துப்போகும். முகத்துக்கு அளந்து, ரா ஃபைலில் எடுத்தால், நல்ல சென்சார் இரண்டையும் காப்பாற்றும். ஃபுல் ஃபிரேமுக்குப் பணம் போட்டது எனக்கு இதற்காகத்தான். கருப்பான ஒரு பெண்ணை அவளுடைய சொந்த நிறத்திலேயே அழகாகக் காட்ட முடியாவிட்டால் என் வேலைக்கு அர்த்தமில்லை. வெளுப்பாக்கித் தரச் சொல்லிக் கேட்கிறவர்களிடம், முதலில் இதைப் பாருங்கள் என்று அசல் படத்தைக் காட்டுவேன். அநேகமாக அம்மாக்கள் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

மெகாபிக்ஸலுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். நம் ஆல்பம் பெரும்பாலும் 12க்கு 36 அங்குலம் விரியும். ஒரு பக்கம் 12க்கு 18. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டால் ஒரு பக்கத்துக்கு 20 மெகாபிக்ஸல்கூட ஆகவில்லை. 24 இருந்தால் தாராளம். மிச்சப் பணத்தில் ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றை வேறு வீட்டில் வைக்கலாம்.

கடனில்லாமல் இருந்ததன் அருமை 2020இல் தெரிந்தது. ஊரடங்கில் கல்யாணங்கள் தள்ளிப்போயின. பிறகு 50 பேருக்கு மேல் கூடக்கூடாது என்றார்கள். தவணை கட்டிக்கொண்டிருந்த நண்பர்களுக்கு ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை அவகாசம் தந்தது; வட்டி ஏறிக்கொண்டேதான் இருந்தது. நல்ல கேமராக்களைப் பாதி விலைக்கு விற்றவர்களை எனக்குத் தெரியும். என்னைவிடத் திறமைசாலிகள் அவர்கள். அதை நினைத்தால் இன்றும் மனது ஆறவில்லை.

வாடகைக்கு எடுக்கலாமே என்பார்கள். எடுக்கலாம், நானும் 70-200ஐ வாடகைக்குத்தான் எடுக்கிறேன். ஆனால் முகூர்த்த நாள் ஊருக்கெல்லாம் ஒன்றுதான். வைகாசியின் நல்ல நாளில் முந்தின நாள் போய்க் கேட்டால் கடையில் பை மட்டும்தான் இருக்கும். பஞ்சாங்கம் கைக்கு வந்ததும் பெரிய முகூர்த்தங்களுக்கு முன்பணம் கட்டிவிட வேண்டும். வாங்கியதை அன்று மாலையே நம் பாடியில் மாட்டி ஃபோகஸ் சரிபார்க்க வேண்டும்.

இப்போது என்னோடு வேலை பழகும் பெண் ஒருத்தி தனியாகத் தொடங்கப்போகிறாள். அவளிடம் ஒரு பாடிக்கும் ஒரு லென்ஸுக்கும் பணம் இருக்கிறது. நான் வைத்திருக்கும் மாடலையே வாங்கச் சொன்னேன். எனக்கு வேலையில்லாத முகூர்த்தங்களில் என் பாடிகளில் ஒன்று அவளுக்கு இரண்டாவது பாடியாகப் போகும். எனக்கு வேலை இருக்கும் நாளில் அவள் கல்யாணம் ஒத்துக்கொள்ளக் கூடாது என்று பேசியிருக்கிறோம். "சரிக்கா" என்றிருக்கிறாள். ஆவணியில் அவளுக்கு ஒன்று வந்திருக்கிறது.