அம்மம்மாவும் பத்தாம் வகுப்பு உயிரியலும்

ஒன்ராறியோவில் பத்தாம் வகுப்பு விஞ்ஞானத்தில் கலம், இழையம், அங்கம், தொகுதி என்று ஒரு பகுதி உண்டு. கலங்கள் கூடி இழையம், இழையங்கள் கூடி அங்கம், அங்கங்கள் சேர்ந்து வேலை செய்தால் தொகுதி. அநேகம் பிள்ளைகள் இதைச் சோதனைக்கு முதல்நாள் பாடமாக்கி மறுநாள் மறந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் மறக்கமுடியாமல் போனது. காரணம் என் அம்மாவின் நீரிழிவு.

போன பனிக்காலம் மருத்துவர், குளிசை இனிப் போதாது, இன்சுலின் தொடங்கவேண்டும் என்றார். அம்மா மறுத்துவிட்டார். "ஊசி தொடங்கினால் அதோட கதை முடிஞ்சுது" என்பது அவருடைய வாதம். ஸ்ரௌவ்வில் முழுக்க நம்மவர் வீடுகளில் இந்தப் பேச்சுக் கேட்கும். நான் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன்.

கடைசியில் மகள்தான் கொப்பியும் பென்சிலுமாகப் பக்கத்தில் போய் இருந்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஆங்கிலச் சொற்கள். அம்மாவோ ஊரில் தமிழில் விஞ்ஞானம் படித்தவர். அவள் ஒரு வட்டம் கீற, "கலமோ பிள்ளை?" என்று கேட்டார். வயிற்றுக்குப் பின்னால் நீளமாக ஒன்று கீற, "அது சதையி" என்றார். (சபையில் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் செல், திசு, கணையம் என்பார்கள். இரண்டும் சரிதான்.) அதற்குப் பிறகு நான் பேசவேண்டி இருக்கவில்லை.

மகள் சொன்னது இதுதான். சாப்பாட்டிலிருந்து வரும் குளுக்கோசு இரத்தத்தில் ஓடுகிறது. தசைக் கலங்களுக்குள் அது நன்றாகப் போவதற்கு இன்சுலின் என்ற திறப்பு வேண்டும். சதையி போதிய திறப்புகள் செய்யாவிட்டால், அல்லது பூட்டுத் துருப்பிடித்திருந்தால், சீனி வெளியே நின்றுவிடும். சாப்பிட்டும் களைப்பு வருவது அதனால்தான். மிஞ்சிய சீனி சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் கூட இழுத்துக்கொண்டு போகும். "அதுதான் இரவில அவ்வளவு தாகம், அம்மம்மா." ஊசி புதிதாக எதையும் உள்ளே கொண்டுவரவில்லை, உடம்பு தானே செய்துவந்த திறப்பைத்தான் தருகிறது என்றதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

இன்சுலின் சுரப்பது சதையியில் சிதறிக்கிடக்கும் லங்கர்கானின் சிறுதீவுகளில். தீவு என்பதற்கான லத்தீன் சொல்லிலிருந்தே அந்தப் பெயர் வந்தது. அம்மா பிறந்தது புங்குடுதீவில். "அப்ப அது எங்கட ஆள்" என்றார்!

அது முதலில் மனிதருக்குப் பயன்பட்டதும் இங்கேதான். 1921இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் பன்ரிங்கும் பெஸ்ற்றும் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். 1922 ஜனவரியில் ரொறன்ரோ பொது மருத்துவமனையில் 14 வயது லெனார்ட் தொம்சனுக்கு முதல் ஊசி போட்டார்கள். அது சரிவரவில்லை. கொலிப் என்பவர் மருந்தைச் சுத்திகரித்த பிறகு, 12 நாள் கழித்துப் போட்டதே பலித்தது. அதற்கு முன்பு அந்த நோய் வந்த பிள்ளைகள் பட்டினிச் சாப்பாட்டில் நாட்களை எண்ணிக்கொண்டு கிடந்தார்கள். இதைக் கேட்டு மூன்றாம் நாள் அம்மா சம்மதித்தார்.

இதை எழுதும்போது மானிப்பாயின் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி. முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலம் படித்தவர்கள் உத்தியோகம் தேடி வெளியூர் போய்விட, கிராமத்து நோயாளிக்கு யாருமில்லை என்று கண்டு, 1860களில் தமிழுக்கு மாறினார். தாமும் தம் மாணவருமாகப் பெரிய மருத்துவ நூல்களை மொழிபெயர்த்தார்கள். 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வெளிவந்தது. 1873இல் மசாசூசெற்ஸ் திரும்பிய பிறகும், 1884இல் இறக்கும் வரை, தமிழ் நூல் வேலையை அவர் விடவில்லை. இந்தக் கண்டத்துக் குளிரில் இருந்துகொண்டு தமிழில் உடலியல் எழுதிய முதல் ஆள் அவராகத்தான் இருக்கவேண்டும் என்பது என் ஊகம்.

இப்போது எங்கள் வாலிபர் கூட்டத்தில் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். அந்தக் கிழமை படித்த ஒன்றை வீட்டில் பெரியவர் ஒருவருக்குத் தமிழில் சொல்லவேண்டும். போன வெள்ளி ஒரு தம்பி தன் அப்பப்பாவின் கேள்வியோடு வந்தான். "வெட்டின முருங்கை துளிர்க்குது. வெட்டுப்பட்ட விரல் ஏன் துளிர்க்கேல்லை?" தாவரத்தில் வாழ்நாள் முழுக்கப் பிரிந்துகொண்டே இருக்கும் பிரியிழையம் உண்டு, எங்கள் விரலில் அப்படி ஒன்றில்லை என்று பன்னிரண்டாம் வகுப்பு அக்கா ஒருத்தி சொன்னாள். அப்ப பல்லிக்கு வால் எப்படி வளருது என்று அவன் உடனே கேட்டான். அதை அவள் அடுத்த வெள்ளிக்குப் படித்துக்கொண்டு வருகிறாள்.