ஓங்கி அடித்தால் ஒலிக்குமா?



1981-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சிம்மன்ஸ் நிறுவனம் எஸ்டிஎஸ்-5 என்னும் மின்னணு டிரம்ஸை வெளியிட்டது. தோல் போர்த்திய உருளைகளுக்குப் பதிலாக அதில் 'பேட்' எனப்படும் அறுகோணத் தட்டுகள் இருந்தன. மேற்பரப்பு கடினமான பாலிகார்பனேட். வாசித்தவர்களின் மணிக்கட்டுகள் வலித்தன. அத்தகைய பழைய டிரம்ஸ்கள் பழுதுபார்ப்பவரின் மேசைக்கு வரும்போது அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு: "எவ்வளவு அடித்தாலும் சத்தமே வரவில்லை."

மின்னணு டிரம்ஸின் தட்டு தானாக ஒலிப்பதில்லை. பெரும்பாலான தட்டுகளின் உட்புறத்தில், மெல்லிய பித்தளைத் தகட்டின்மேல் ஒட்டிய பீங்கான் வில்லை ஒன்று இருக்கும். பீசோ என்பது அதன் பெயர். குச்சி படும் அதிர்வை அது சிறு மின்துடிப்பாக மாற்றும். மெல்லிய கம்பி ஒன்று அத்துடிப்பை மூலக்கருவிக்குக் கொண்டுசெல்லும். ஒலி பிறப்பது அங்கேதான். பல்லாண்டு வாங்கிய அடிகளால் அக்கம்பியின் ஈயப்பற்று விரிசல் கண்டால் தட்டு ஊமையாகிவிடும். அந்நிலையில் இன்னும் ஓங்கி அடித்தால் விரிசல்தான் பெரிதாகும்.

அன்பானவர்களே, நம் வீடுகளிலும் ஊமையாகிப் போனவர்கள் உண்டு. குடும்ப ஜெபத்தில் மகிழ்ந்து பாடிய மகன் இப்போது வாய் திறப்பதில்லை. ஆராதனையைத் தவறவிடாத சகோதரி இப்போது ஆலயத்துக்கு வருவதில்லை. நாமோ குரலை உயர்த்துகிறோம். சில வேளைகளில் வேத வசனத்தையே குச்சியாக எடுத்துக்கொள்கிறோம். அந்த விரிசல் நம் அடிகளாலேயே உண்டாகியிருக்கலாம் என்பதை எண்ணிப் பார்க்கிறோமா?

பழுதுபார்ப்பவர் செய்வதைக் கவனியுங்கள். முதலில் மின்னிணைப்பைத் துண்டிக்கிறார். மின்தேக்கிகளில் எஞ்சியிருக்கும் மின்னூட்டம் இறங்குமளவும் பொறுத்திருக்கிறார். கோபம் தணியுமுன் பிறர் உள்ளத்தைத் திறக்க முற்படுகிற நமக்கு இது ஒரு பாடம். பழுது எங்கே என்று அறிய, நன்றாக ஒலிக்கும் வேறொரு தட்டை அதே கம்பிவடத்தில் இணைத்துப் பார்க்கிறார். ஒலி வந்தால் மூலக்கருவியில் குறையில்லை. முழுவதும் பாழாயிற்று என்று அவர் தீர்ப்பெழுதுவதில்லை. தட்டைத் திறந்து, அறுந்த இடத்தைக் கண்டு, ஒரு துளி ஈயத்தால் மீண்டும் இணைக்கிறார். பிறகு குச்சியை எடுக்காமல் விரலால் மெல்லத் தட்டிப் பார்க்கிறார்.

யேசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடிய எலியா, சூரைச்செடியின்கீழ் படுத்துச் சாவை விரும்பினான். கர்மேல் மலையில் அக்கினியை இறங்கச் செய்த ஆண்டவர் அவனை அதட்டவில்லை. உறங்க விட்டார், தூதனை அனுப்பித் தொட்டு எழுப்பினார், சுட்ட அடையும் தண்ணீரும் தந்தார், அதுவும் இருமுறை. அதன்பின்னரே ஓரேபில் அவனைக் கேள்வி கேட்டார். பெருங்காற்றிலோ பூமியதிர்ச்சியிலோ அக்கினியிலோ அல்ல, மெல்லிய சத்தத்தில் அவனைச் சந்தித்தார். எலியா மறுபடியும் ஊழியத்துக்கு எழுந்தான்.

இவ்வாரம் உங்கள் வீட்டில் மௌனமாகிவிட்ட ஒருவருக்கு அருகில் அமருங்கள். அறிவுரை பிறகு இருக்கட்டும். "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள், உணவைப் பரிமாறுங்கள். அவர் பேசும்வரை காத்திருங்கள். பேசுகையில் இடைமறிக்காமல் கேளுங்கள்.

அறுந்ததை இணைக்கிற நம் ஆண்டவர் உங்கள் கைகளுக்கும் நாவுக்கும் அந்த மென்மையைத் தந்தருள்வாராக. ஆமென்.