நா அறியாத உப்பு

ஐம்பத்து மூன்றாம் வயதில் எனக்கு இரத்த அழுத்தம் மிகுந்திருப்பதாக மருத்துவர் கூறினார். மாத்திரை எழுதித் தந்து, உப்பையும் குறைக்கச் சொன்னார். அன்றிரவே எங்கள் வீட்டு ஊறுகாய்ச் சாடி பரண் ஏறியது, அப்பளம் விடைபெற்றது. மூன்று திங்கள் கழிந்தும் அழுத்தம் இறங்கவில்லை. மனைவி என்னை ஐயத்தோடு நோக்கினார். அந்த ஐயம் தவறன்று. பள்ளிக்குச் செல்லும் வழியில், தச்சநல்லூரில் உள்ள சிறிய உணவகம் ஒன்றில் பொங்கலும் வடையும் உண்பது என் வழக்கம்.

பொங்கல், வடை, சாம்பார், இருவகைச் சட்டினி என ஒவ்வொன்றிலும் தனித்தனியே உப்பு உண்டு. எதுவும் கரித்ததில்லை; கரித்திருந்தால் ஒதுக்கியிருப்பேன். ஊடலுக்கு உப்பை உவமையாக்கிய வள்ளுவர், அளவு மிகுந்தால் சுவை கெடும் என்பதை அறிந்திருந்தார். ஆயினும் புளிப்பும் காரமும் நெய்யும் கூடிய உணவில் அம்மிகுதியை நா எளிதில் கண்டுகொள்வதில்லை.

ஒருநாள், "அண்ணாச்சி, உப்பைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"கொறஞ்சா உக்காந்த எடத்துலயே சத்தம் போடுவாங்க சார். கூடினா தண்ணியக் குடிச்சிட்டுப் போயிருவாங்க. ஒருத்தரும் கேக்க மாட்டாங்கல்லா" என்றார் அவர்.

நான் மறுமொழி கூற இயலவில்லை.

நாளொன்றுக்கு ஒருவர் உண்ணும் உப்பு 5 கிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. நியூயார்க் நகரில் 2015 டிசம்பரில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. பதினைந்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகளை உடைய உணவகங்கள், 2300 மில்லிகிராமோ அதற்கு மேலோ சோடியம் கொண்ட உணவின் பெயரருகே, முக்கோணத்துள் உப்புக்குப்பி வரைந்த குறியை இட வேண்டும். அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரே தட்டில்! நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு விதிகள் பெரிய உணவகங்களின் உணவுப் பட்டியலில் கலோரியைக் குறிக்கச் சொல்கின்றன. உப்புக்கு அத்தகைய எச்சரிக்கைக் குறி இல்லை. அண்ணாச்சியின் கடையிலோ பட்டியலே இல்லை. பரிமாறுபவர் ஒரே மூச்சில் ஒப்பிப்பதுதான் பட்டியல்.

எனவே சரக்கு மாஸ்டரின் கையையே அளந்து பார்த்தோம். பொங்கலுக்கு அவர் அள்ளும் தூத்துக்குடிக் கல்லுப்பை எதிர்ப்புற மளிகைக்கடைத் தராசில் இட்டோம்: 50 கிராம். அந்தப் பானைப் பொங்கல் இருபது தட்டுக்கு வரும். தட்டுக்கு இரண்டரை கிராம். என் ஒருநாள் அளவில் பாதி. சாம்பாரை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

அண்ணாச்சி நெடுநேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் நான் சென்றபோது, "இன்னிக்குக் கை கொஞ்சம் சுருங்கியிருக்கு சார்" என்று மெல்லச் சொன்னார். எனக்கு வேறுபாடு தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரர் உப்புக் கேட்டார். அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார்.