தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு

மனிதர்களில் இரண்டு ரகம் உண்டு. வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்து, பூட்டை இழுத்துப் பார்க்கிறவர்கள் ஒரு ரகம். பூட்டு என்று ஒன்று இருப்பதே திருட்டுப் போன பிறகு நினைவுக்கு வருகிறவர்கள் மற்றொரு ரகம். உலகத்தில் பெரும்பாலோர் இரண்டாவது ரகம் என்பது என் அபிப்பிராயம். ஒரு பொருளைச் செய்கிறவன் இவர்களை மனத்தில் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருக்கும் என் மருமான் இதை ஒப்புக்கொள்வதில்லை. இணையத்தில் நாம் காணும் கடை ஒரே யந்திரத்தில் இருப்பதல்ல என்று எனக்கு விளக்கியவன் அவன்தான். முகப்பு ஒரு யந்திரத்தில். கணக்கு வழக்கு இன்னொன்றில். வாடிக்கைக்காரர்களின் பெயர், விலாசம் எல்லாம் அடங்கிய தரவுத்தளம் மூன்றாவதில். இவை ஓயாமல் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்க வேண்டும். பேச்சுக்குத் தடை கூடாதே என்று, கதவைத் திறந்தே வைத்துக் கொடுப்பது ஒரு சௌகரியம்.

மோங்கோடிபி என்ற தரவுத்தளம் அப்படித்தான் இருந்தது. பழைய பதிப்புகளை நிறுவினால் கடவுச்சொல் கேட்காது. எந்தத் தேசத்திலிருந்து யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லும். 2017 ஜனவரியில் சிலர் இணையத்தைத் துழாவி, இப்படித் திறந்து கிடந்த பல்லாயிரம் தரவுத்தளங்களைத் துடைத்துவிட்டு, பிட்காயின் கொடுத்தால் திருப்பித் தருவதாகச் சீட்டு எழுதி வைத்தார்கள். கொடுத்தும் பலருக்கு ஒன்றும் திரும்பவில்லை. அநேக இடங்களில் திருடர்கள் நகலே எடுத்திருக்கவில்லை!

"கையேட்டில் எச்சரிக்கை இருந்ததே, மாமா. படிக்காதது யார் குற்றம்?" என்றான் மருமான்.

படிக்காதவன் குற்றந்தான். ஆனால், அங்கே இருந்தது அவனுடைய விலாசமா? அவனை நம்பிக் கொடுத்தவர்களுடையது அல்லவா? அந்தக் கையேட்டை அவர்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லையே!

அதே வருஷக் கடைசியில் வந்த 3.6 பதிப்பில், அதற்கு முன்பு சில பொதிகளில் மட்டும் இருந்த ஏற்பாட்டை எல்லாவற்றுக்கும் பொதுவாக்கினார்கள். நிறுவியவுடன் அது தான் குடியிருக்கும் யந்திரத்துக்கு மட்டுமே செவி சாய்க்கும். வெளியார் பேச வேண்டுமானால், ஒருவர் உட்கார்ந்து அதற்கென்று அநுமதி எழுத வேண்டும். கடவுச்சொல் போடும் பொறுப்பு அப்போதும் நிறுவுகிறவர் தலையில்தான். ஆனாலும் வித்தியாசத்தைக் கவனியுங்கள்: முன்பு மறதிக்காரனுடைய கதவு திறந்து கிடந்தது, பிறகு, மறந்தால் சாத்தியே இருந்தது.

"புதிதாகக் கற்கிறவனுக்கு இது அரை நாள் தொந்தரவு, மாமா!" என்கிறான் மருமான்.

இருக்கட்டுமே. தொந்தரவு தெரிந்தவனுக்கு, பத்திரம் தெரியாதவனுக்கு என்று பங்கு பிரிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.