ஓரடி பின்னால் நிற்கும் வினை

பிரெஞ்சு படிக்கப் போகிறவர்களுக்கு இலக்கணம் வருவதற்கு முன்பே ‘கோந்திசியோனெல்’ வந்துவிடும். வந்திருப்பது அதுதான் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கடையில் ரொட்டி கேட்கும் பாடத்தில் ‘ஜெ வூத்ரே’ என்று இரண்டு சொல்லைக் கொடுத்து, அப்படியே நெட்டுருப் போடச் சொல்வார்கள். ஒரு பகெத் வேண்டும், ஒரு காப்பி வேண்டும், பாரீசுக்கு இரண்டு டிக்கெட் வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த வூத்ரே. புதுச்சேரியில் நான் சேர்ந்த மாலை வகுப்பிலும் அப்படித்தான். அது ‘வூலுவார்’, அதாவது விரும்பு என்னும் வினையின் நிபந்தனை வடிவம் என்று தெரியவந்தபோது, வாய் அதற்கு என்றோ பழகிவிட்டிருந்தது.

நிபந்தனை என்ற பெயர்தான் முதலில் குழப்பியது. ரொட்டி கேட்பதில் என்ன நிபந்தனை? காசு கொடுக்கத்தானே போகிறோம்!

எங்கள் ஆசிரியை மதாம் இதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. கரும்பலகையில் இரண்டு வண்ணச் சாக்பீஸால் எழுதினார். வினையின் எதிர்கால அடி நீலத்தில், அதன் பின்னால் இறந்தகால ஈறு சிவப்பில். ‘இரு’ என்ற வினைக்கு எதிர்கால அடி ‘ஸெர்’. ஜெ ஸெரே, த்யூ ஸெரே, இல் ஸெரே, நூ ஸெரியோன், வூ ஸெரியே, இல் ஸெரே. ஆறு இடத்தில் நான்கு காதுக்கு ஒன்றுதான், தாளில் மட்டும் மூன்று விதமான எழுத்துக்கூட்டு. கடைசி ‘ஸெரே’க்கு ஐந்து எழுத்தில் ஈறு போட்டு, அதில் மூன்றை வாயே திறக்காமல் விழுங்கிவிட வேண்டும். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மதாமும் சிரித்தார்.

பிரெஞ்சு வினைகளின் அட்டூழியம் தெரிந்தவர்களுக்கு இந்தக் காலம் ஒரு இளைப்பாறல். பெஷெரெல் என்ற வினைப் புத்தகம் எல்லா வகுப்பிலும் மேசைமேல் கிடக்கும். அந்தப் பெயருக்குரிய லூயி-நிக்கோலா பெஷெரெல் தன் முதல் வினைத் தொகுப்பை 1842-இல் வெளியிட்டார். பிற்காலப் பதிப்புகளில் சில 12,000 வினைகள் என்று அட்டையிலேயே போட்டுக்கொண்டன. அத்தனை வினைக்கும் இங்கே ஈறு ஒன்றுதான், ஒரு விலக்குகூடக் கிடையாது. முரண்டு பிடிப்பதெல்லாம் அடிதான்: ‘போ’வுக்கு ‘இர்’, ‘செய்’க்கு ‘ஃபெர்’, ‘அறி’க்கு ‘ஸோர்’. அவையும் எதிர்காலத்தில் ஏற்கெனவே படித்தவைதான். ‘ஓடு’ என்னும் ‘கூரிர்’ மட்டும் கண்ணைக் குத்தும். ஒரு ‘ர்’ போட்டால் ஓடிக்கொண்டிருந்தேன், இரண்டு போட்டால் இப்படி இருந்தால் ஓடுவேன்.

எதிர்கால உடம்பில் இறந்தகால வால் எப்படி ஒட்டியது என்று மதாமிடம் ஒருநாள் கேட்டேன். லத்தீனிலிருந்து தொடங்கினார். பேச்சு லத்தீனில் ‘காந்தாரே ஹபேயோ’ என்றால் பாட வேண்டியிருக்கிறது, அது தேய்ந்து ‘பாடுவேன்’ ஆயிற்று. ‘காந்தாரே ஹபேபாம்’ என்றால் பாட வேண்டியிருந்தது, அது தேய்ந்து இந்தக் காலம் ஆயிற்று. நேற்றில் நின்றுகொண்டு நாளையைப் பார்ப்பதுதான் இதன் பிறவிக்குணம். ‘வருவதாகச் சொன்னார்’ என்பதைப் பிரெஞ்சில் சொன்னால் ‘வருவ’துக்கு இந்த வடிவம்தான் வரும். அவர் வந்தாரா இல்லையா என்று வினை வாயைத் திறக்காது. சொன்ன நேரத்தில் அது நாளை, அவ்வளவுதான்.

எங்கள் வகுப்பில் கல்யாணம் நிச்சயமான ஒரு பெண் இருந்தாள். மாப்பிள்ளை பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். ‘ஜூனில் பிரான்சுக்குப் போவேன்’ என்று ஒரு கடிதப் பயிற்சியில் எழுதியிருந்தாள். ‘ஜிரே’ என்ற சொல்லின் கடைசியில் ஓர் ‘எஸ்’ கூடுதலாக விழுந்துவிட்டது. மதாம் அந்த ஒற்றை எழுத்தைச் சிவப்பில் அடித்துவிட்டு, “இதை வைத்தால் நீ போகமாட்டாய் அம்மா” என்றார். எஸ் இல்லாவிட்டால் போவேன், இருந்தால் ஏதாவது கூடிவந்தால் போவேன். முதலாவதில் வாய் சற்று இறுகும், இரண்டாவதில் அகலும் என்பது பாடம். பாரீஸ்காரர்களிலேயே பலர் இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்கிறார்கள். சந்தேகம் வந்தால் ‘நான்’ என்பதை ‘நாம்’ ஆக்கிப் பார்க்கச் சொல்வார் மதாம். ‘நூ ஸிரோன்’ என்று வந்தால் எதிர்காலம், ‘நூ ஸிரியோன்’ என்று வந்தால் எஸ் போடு. அந்தப் பெண் அதற்கப்புறம் எதையும் ‘நாம்’ போட்டுச் சரிபார்த்துத்தான் எழுதினாள்.

தமிழ்க்காரர்களுக்கு இடறும் இடம் வேறு. நாம் நிபந்தனையை முன்பாதியில் வைக்கிறோம்: ‘பணம் இருந்தால்’. பின்பாதி சாதாரணமாக ‘வாங்குவேன்’ என்று போய்விடும். பிரெஞ்சு இதைத் தலைகீழாகச் செய்கிறது. ‘ஸி’ என்று தொடங்கும் பாதியில் வெறும் இறந்தகாலம், அடையாளம் முழுக்கப் பின்பாதியில். தமிழ் நினைப்பில் எழுதுகிறவர்கள் ஸி-க்குப் பக்கத்திலேயே ‘ரே’ என்ற நிபந்தனை ஈற்றைப் போட்டுவிடுவார்கள். பிரெஞ்சுப் பிள்ளைகளும் போடுகிறார்கள் என்பதுதான் ஆறுதல். அவர்களுக்குப் பள்ளியில் ஒரு வாய்ப்பாடு உண்டு: ஸி-க்களுக்கு ரே-க்களைப் பிடிக்காது. காதால் மட்டும் கேட்டால் அது ‘ரம்பங்களுக்குத் திருக்கை மீன்களைப் பிடிக்காது’ என்றும் ஒலிக்கும். இதைக் கேட்ட நாளில் எங்கள் வகுப்பில் மீனவர் வீட்டுப் பையன் ஒருவன், திருக்கையை அறுக்க ரம்பம் எதற்கு, கத்தியே போதும் என்றான்.

1962-இல் ஈவ் ரொபேர் எடுத்த ‘லா கெர் தெ பூத்தோன்’ என்ற படத்தில் ஒரு பொடியன் இந்தப் பிழையைத் திரும்பத் திரும்பச் செய்வான், பிரான்சே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. இலக்கணப் பிழை ஒன்று ஒரு தேசத்துக்கே செல்லமாகிப்போனது இப்படித்தான். 1962 புதுச்சேரிக்கும் முக்கியமான வருஷம். அங்கே அப்புறம் வருகிறேன்.

பத்திரிகை படிக்கத் தொடங்கியபோதுதான் இந்த வினையின் இன்னொரு முகம் தெரிந்தது. ‘லெ மினிஸ்த்ர் தெமிஸியோன்ரே’ என்றால் மந்திரி ராஜினாமா செய்வார் என்பதல்ல, செய்வாராம். பத்திரிகை தன் கையைக் கழுவிக்கொள்கிறது: கேள்விப்பட்டதைச் சொன்னோம், பொறுப்பு எங்களுடையதல்ல. பிரெஞ்சுச் சட்டம் அவ்வளவு ஏமாளி இல்லை. 1881 ஜூலை 29-ஆம் தேதியிட்ட பத்திரிகைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, சந்தேகத் தொனியில் சொன்னாலும் அவதூறு அவதூறுதான் என்கிறது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் பத்திரிகையில் ரே-க்கள் வரிசையாக நிற்கின்றன.

‘செய்வாராம்’ என்று எழுதும்போது ஒன்று உறைக்கிறது. தெருவில் விளையாடும் பிள்ளைகள் பேச்சைக் கவனியுங்கள். “நான் டீச்சராம், நீ ஸ்டூடண்டாம், இது பள்ளிக்கூடமாம்.” யாரிடமும் கேள்விப்பட்ட செய்தியல்ல, அவர்களே அந்த நிமிஷத்தில் உண்டாக்கும் உலகம். அதற்கும் அதே ‘ஆம்’. பிரெஞ்சுப் பிள்ளைகளும் ஆட்டம் தொடங்குமுன் ‘ரே’ போட்டுத்தான் வேஷம் பிரிப்பார்கள்: நான் அம்மாவா ஸெரே, நீ டாக்டரா ஸெரே. இலக்கணக்காரர்கள் இதற்கு விளையாட்டு நிபந்தனை என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். வதந்திக்கும் விளையாட்டுக்கும் ஒரே ஈறு என்று இரண்டு மொழியும் ஒன்றையொன்று கேட்காமலே முடிவு செய்திருக்கின்றன. இரண்டிலுமே பேசுகிறவர் சொல்வதிலிருந்து ஓரடி தள்ளி நிற்கிறார். இது என் வார்த்தை இல்லை என்கிறார் ஒருவர், இது நிஜமில்லை, வா விளையாடலாம் என்கிறார் இன்னொருவர்.

ரொட்டிக்கடைக்கும் அதே கதைதான். ‘ஜெ வூ’ என்று நிகழ்காலத்தில் கேட்டால், வேண்டும், எடு என்று அதட்டுவதுபோல் இருக்கும். சின்னப் பிள்ளை அடம்பிடிக்கும் தொனி. வூத்ரே சொல்கிறவர் தன் ஆசையை ஓரடி பின்னுக்கு இழுத்து நிறுத்துகிறார்: உங்களுக்குத் தோதுப்பட்டால், இருந்தால், எனக்கு ஒன்று. வெளியே சொல்லாத ‘ஸி’ ஒன்று உள்ளே ஒளிந்திருக்கிறது. மரியாதை என்பது கடைக்காரருக்கு ‘இல்லை’ என்று சொல்ல இடம்விடுவது.

இனி 1962. இந்தியாவும் பிரான்சும் 1956-இல் கையெழுத்திட்ட ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடைமுறைக்கு வந்தது. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாமில் பிறந்து அங்கேயே இருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்றோடு இந்தியக் குடிமக்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். சிலர் எழுதிக்கொடுத்தார்கள், பெரும்பாலோர் கொடுக்கவில்லை. அந்த ஆறு மாதத்தின் கணக்கு இன்னும் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஸி வாக்கியங்களில் கலப்பு வகை ஒன்று உண்டு. முன்பாதி முடிந்துபோன பழங்காலம், பின்பாதி இன்றைய நிபந்தனை. மதாம் உதாரணம் கேட்டபோது வகுப்பே யோசிக்காமல் சொன்னது: தாத்தா அன்றைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால், இப்போது நாங்கள் பாரீசில் இருப்போம். ‘நூ ஸெரியோன்.’ பின்பெஞ்சில் ஓய்வூதியக்காரர் ஒருவர், கையெழுத்துப் போட்ட வீட்டுப் பிள்ளை, பிரான்சில் பாதி ஆயுள் ராணுவத்தில் இருந்து திரும்பியவர். வாக்கியத்தைத் திருப்பிப் போட்டார்: எங்கள் அப்பா போடாமல் இருந்திருந்தால், என் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள். மதாம் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பலகையில் எழுதினார். இரண்டிலும் திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

பழைய பிரெஞ்சு இலக்கணங்கள் இந்த வடிவத்தைத் தனியொரு வகையாக வைத்திருந்தன, நடந்ததைச் சொல்லும் வினைகளோடு சேர்க்கவில்லை. இன்றைய மொழியியலாளர்கள் பலர் அதை எடுத்து, மெய்யைக் கூறும் வினைகளின் வரிசையிலேயே இன்னொரு காலமாகச் சேர்த்துவிட்டார்கள். நடக்காததை மெய்க்கூற்றோடு சேர்ப்பது என்ன நியாயம் என்று முதலில் தோன்றும். எங்கள் ஊரில் போகாத பாரீஸ் வீடு எத்தனையாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் எந்தத் தெரு தெரியும் என்பதுவரை சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டவனுக்கு அந்த மொழியியலாளர்களோடு சண்டையில்லை.