ஒரு ஆடம்ஸா, நான்கு பேரா? - கிரீன் பேயில் ஒரு பட்டிமன்றம்

பட்டிமன்றம் என்றால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டிவியில் வருவது மட்டும்தானா? அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்று ஒரு ஊர் இருக்கிறது. மக்கள் தொகை ஒரு லட்சத்துச் சொச்சம்தான். அந்த ஊரில் வருஷம் முழுக்கப் பட்டிமன்றம்தான், அதுவும் பல வருஷமாக ஒரே தலைப்பில். "பேக்கர்ஸ் அணிக்குத் தேவை ஒரே ஒரு பெரிய ரிசீவரா, நாலைந்து நல்ல ரிசீவர்களா?"

பேக்கர்ஸ் என்பது அந்த ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணி. பெயரில்தான் கால். பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள், அதற்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு, இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். ஓடிப்போய் அதைப் பிடிப்பவர் ரிசீவர். பட்டிமன்றத்தைப் புரிந்துகொள்ள இவ்வளவு போதும்.

இந்த அணிக்கு இன்னொரு விசேஷம் உண்டு. மற்ற அணிகளுக்கெல்லாம் கோடீஸ்வர முதலாளிகள் இருக்க, பேக்கர்ஸுக்கு ரசிகர்களே பங்குதாரர்கள். 1923ல் முதல் முறை பங்கு விற்றார்கள். ஆறாவது முறை விற்றது 2021-22ல், ஒரு பங்கு 300 டாலர். மொத்தப் பங்குதாரர்கள் 5 லட்சத்துக்கும் மேல். காமர்ஸ் படிப்பவர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஈவுத்தொகை கிடையாது, விலை ஏறாது, சந்தையில் விற்கவும் முடியாது. வருஷாந்தரக் கூட்டத்துக்குப் போகலாம், இயக்குநர்கள் தேர்தலில் ஓட்டுப் போடலாம், சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். அவ்வளவுதான். எந்த ரிசீவரை வாங்குவது என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. ஆனாலும் சொந்தக் கடையில் சரக்கு எடுப்பது போல வாதாடுவார்கள். சொந்தம்தானே!

சண்டை சூடுபிடித்தது 2020ல். அந்த வருஷம் ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிடம் 37-20 என்று தோற்று, சூப்பர் பவுல் வாசல் வரை போய்த் திரும்பியது அணி. குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸுக்கு அப்போது 36 வயது. நம்பிப் பந்தை எறிய டவான்டே ஆடம்ஸ் என்ற ஒரே ஒரு பெரிய ரிசீவர். ஏப்ரலில் டிராஃப்ட் வந்தது. டிராஃப்ட் என்பது கல்லூரி வீரர்களை அணிகள் வரிசை முறைப்படி எடுத்துக்கொள்ளும் நாள். நல்ல ரிசீவர்கள் குவிந்திருந்த வருஷம் அது. ஆடம்ஸுக்கு ஒரு துணை நிச்சயம் என்று ரசிகர்கள் காத்திருந்தார்கள்.

அணி 30வது இடத்திலிருந்து 26வது இடத்துக்கு முன்னேறி ஒருவரை எடுத்தது. பெயர் ஜோர்டன் லவ். ரிசீவர் இல்லை, இன்னொரு குவார்ட்டர்பேக்! அந்த டிராஃப்டில் அணி எடுத்தது மொத்தம் 9 பேர். அதில் ஒருவர்கூட ரிசீவர் இல்லை. டீ ஹிக்கின்ஸ், மைக்கேல் பிட்மன் என்ற இரண்டு ரிசீவர்கள் 33, 34வது இடங்களில் வேறு அணிகளுக்குப் போனார்கள். கிரீன் பேயில் பல வீடுகளில் அன்று ராத்திரி சோறு இறங்கியிருக்காது.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த இரண்டு வருஷமும் லீகின் சிறந்த வீரர் விருது ராட்ஜர்ஸுக்குத்தான். 2021 சீசனில் ஆடம்ஸ் மட்டும் 123 பந்துகள் பிடித்தார், 1,553 யார்டு. இரண்டுமே அணியின் சாதனை. 'ஒரு ஆள் போதும்' கட்சி நெஞ்சை நிமிர்த்தியது.

பிறகு வந்தது 2022 ஜனவரி 22. சொந்த மைதானமான லாம்போவில், பனியில், மறுபடியும் சான் பிரான்சிஸ்கோ. ராட்ஜர்ஸ் எறிந்ததில் 20 பந்துகள் கைசேர்ந்தன. ஆடம்ஸுக்கு 9, ஓட்டக்காரர் ஆரன் ஜோன்ஸுக்கு 9. மற்ற எல்லோருக்கும் சேர்த்து 2! ஆட்டம் 10-10 என்று நிற்க, கடைசி நிமிடங்களில் ராட்ஜர்ஸ் நீளமாக ஒரு பந்து எறிந்தார். ஆடம்ஸை நோக்கித்தான். அவர் மேல் இரண்டு பேர் காவல் இருந்தார்கள். இன்னொரு பக்கம் ஆலன் லஸார்ட் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். பந்து தரையில் விழுந்தது. சான் பிரான்சிஸ்கோ கடைசி உதையில் 13-10 என்று ஜெயித்துவிட்டுப் போனது.

அந்த ஒரு எறிதலை வைத்து இரண்டு கட்சியும் இன்றுவரை வாதாடலாம்.

முதல் கட்சி சொல்வது: "லஸார்ட் நல்ல பையன்தான், ஆனால் உயிர் போகிற நேரத்தில் நம்பக்கூடிய ஆள் இல்லை. ஆடம்ஸ் மாதிரி இன்னொருவர் இருந்திருந்தால் ராட்ஜர்ஸ் அந்தப் பக்கம் பார்த்திருப்பார். 2020லேயே வாங்கியிருக்க வேண்டும். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான். நாலு சுமாரான ஆளை நிறுத்தினால் எறிபவர் யாரை நம்புவார்?"

இரண்டாம் கட்சி சொல்வது: "தனிமரம் தோப்பாகாது. எதிரணியில் இருப்பது 11 பேர். ஒருவர் மேல் இரண்டு பேரைப் போட்டால் வேறொரு இடத்தில் ஒரு ஆள் குறைந்தே ஆக வேண்டும். கணக்கு நமக்குச் சாதகம். ஒரே ஆளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் அந்தக் கணக்கு தெரியவில்லை."

2019ல் பயிற்சியாளராக வந்த மேட் லஃப்ளூரின் ஆட்டமுறை இரண்டாம் கட்சிக்குத்தான் பொருந்தும். ஓடுவதும் எறிவதும் ஆரம்பத்தில் ஒரே மாதிரித் தெரியும். எதிரணி குழம்ப வேண்டும் என்பது திட்டம். ரிசீவர்கள் இடம் மாறி மாறி நிற்பார்கள், எதிரியை மறித்துத் தள்ளும் வேலையும் செய்வார்கள். குவார்ட்டர்பேக் முதல் ஆளைப் பார்க்க வேண்டும், அடைபட்டிருந்தால் இரண்டாவது, பிறகு மூன்றாவது. இதில் நட்சத்திரம் என்று யாரும் கிடையாது, அன்றைக்கு யார் ஆளில்லாமல் நிற்கிறாரோ அவர்தான் நட்சத்திரம்.

அந்த மார்ச்சில் ஆடம்ஸ் லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸுக்குப் போய்விட்டார். பதிலுக்கு முதல் சுற்றில் ஒன்று, இரண்டாம் சுற்றில் ஒன்று என்று இரண்டு டிராஃப்ட் இடங்கள் கிடைத்தன. கஞ்சத்தனத்தால் விட்டுவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. அது முழுசாக நியாயமில்லை. கல்லூரியில் தன்னோடு ஆடிய டெரிக் கார் எறிந்து பிடிக்க வேண்டும் என்பது ஆடம்ஸின் ஆசை. ஆனால் பணமும் ஒரு விஷயம்தான். அந்த வருஷம் ஒவ்வொரு அணியும் சம்பளத்துக்குச் செலவிட அனுமதி 20.82 கோடி டாலர். 53 பேருக்கும் அதிலிருந்துதான். ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் இன்னொருவருக்குக் கிள்ளித்தான் கொடுக்க முடியும். டிராஃப்டில் வரும் புதுப் பையன்களோ நான்கு வருஷத்துக்குக் குறைந்த சம்பளம்.

அதனால் பேக்கர்ஸ் பையன்களை எடுத்தது. 2022ல் கிறிஸ்டியன் வாட்சன், ரோமியோ டாப்ஸ். அந்த சீசனின் முதல் ஆட்டம் மினசோட்டாவில். பேக்கர்ஸ் பந்தைத் தொட்ட முதல் முயற்சியிலேயே ராட்ஜர்ஸ் வானத்தில் எறிந்தார். வாட்சன் எல்லோரையும் தாண்டி ஓடிவிட்டார், முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. பந்து நேராகக் கையில் வந்து... நழுவியது. பிடித்திருந்தால் 75 யார்டு டச்டவுன். ஆட்டம் 23-7 என்று போனது. 'ஆடம்ஸாக இருந்தால்...' என்று முதல் கட்சி பெருமூச்சு விட்டது.

நவம்பரில் டாலஸுக்கு எதிராக அதே வாட்சன் மூன்று டச்டவுன் போட்டார். ஆட்டம் கூடுதல் நேரத்தில் 31-28 வெற்றி. ஆனால் காலம் கடந்துவிட்டது. அந்த சீசன் 8 வெற்றி, 9 தோல்வி. அடுத்த ஏப்ரலில் ராட்ஜர்ஸ் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனார். பேக்கர்ஸில் 18 வருஷம் இருந்தும், பிப்ரவரி 2011ல் வென்ற ஒரே ஒரு சூப்பர் பவுல்தான் மிச்சம்.

அந்த 2011 ஆட்டத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பிட்ஸ்பர்கை 31-25 என்று வென்ற நாள். மூத்த ரிசீவர் டொனால்ட் டிரைவர் முதல் பாதியிலேயே காயம்பட்டு வெளியே போனார். ஜோர்டி நெல்சன் 9 பந்து பிடித்தார், 140 யார்டு. கிரெக் ஜென்னிங்ஸ் இரண்டு டச்டவுன். இந்த மூவரில் ஒருவரும் முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர் இல்லை. டிரைவர் 1999ல் ஏழாவது, அதாவது கடைசிச் சுற்று! இரண்டாம் கட்சியின் பூஜை அறையில் மாட்ட வேண்டிய படம் இதுதான்.

ராட்ஜர்ஸ் போனபிறகு 2023ல் லவ் ஆட வந்தார். கூடவே ஜேடன் ரீட், டொன்டேவியன் விக்ஸ் என்று மேலும் இரண்டு பொடியன்கள். 2024 ஜனவரி 14ல் டாலஸ் மைதானத்திலேயே டாலஸை 48-32 என்று அடித்தார்கள். லவ் மூன்று டச்டவுன் எறிந்தார், மூன்றும் வேறு வேறு ஆளுக்கு. டாப்ஸ் 6 பந்தில் 151 யார்டு. அடுத்த வாரமே சான் பிரான்சிஸ்கோவில் 24-21 தோல்வி. லவ்வின் கடைசி எறிதல் எதிரி கையில் போய் விழுந்தது. முதல் கட்சிக்கு மறுபடி உயிர் வந்தது.

2025 ஜனவரியில் பிலடெல்பியாவிடம் 22-10 தோல்வி. வாட்சன் முந்தின வாரமே முழங்கால் காயத்தில் படுத்துவிட்டார். டாப்ஸ் ஆட்டத்தின் நடுவில் தலையில் அடிபட்டு வெளியேறினார். நாலு பேர் இருந்தும் நாலு பேர் இல்லை! ஓட்டக்காரர் ஜாஷ் ஜேகப்ஸே, நிரூபிக்கப்பட்ட முதல் தர ரிசீவர் ஒருவர் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் அதே ஆட்டத்தில் பிலடெல்பியாவின் பெரிய ரிசீவர் ஏ.ஜே.பிரவுன் பிடித்தது ஒரே ஒரு பந்து, 10 யார்டு. நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தார் மனிதர் :-) அவருடைய அணி அடுத்த மாதம் சூப்பர் பவுலையும் வென்றது. இதை எந்தக் கட்சியின் கணக்கில் எழுதுவது?

அப்படியானால் தீர்ப்பு என்ன?

இரண்டு கட்சியும் ஆட்களை எண்ணுகின்றன. எண்ண வேண்டியது வருஷங்களை. இளம் ரிசீவர்கள் நிரந்தர வைப்பு மாதிரி. முதிர்வுக் காலம் இரண்டு மூன்று வருஷம். நடுவில் எடுத்தால் நஷ்டம். ஆடம்ஸே 2014ல் இரண்டாம் சுற்றில் வந்தவர்தான், அவர் கையிலும் ஆரம்பத்தில் பந்து நழுவியிருக்கிறது. எறிபவருக்கும் பிடிப்பவருக்கும் நடுவில் உள்ள நம்பிக்கை எறிந்து எறிந்துதான் வரும். பணம் கொடுத்து வாங்க முடியாது, பட்டியலில் பெயர் சேர்த்தாலும் வராது. 25 வயது லவ்வுக்கு அந்த அவகாசம் இருந்தது. பையன்களோடு சேர்ந்து அவரும் வளர்ந்தார். 38 வயது ராட்ஜர்ஸிடம் இருந்ததோ ஒன்றிரண்டு சீசன். நாளைக்கே கல்யாணம் என்பவரிடம் மூன்று வருஷ வைப்புப் பத்திரத்தை நீட்டியது போலத்தான் 2022. 2020ல் விதைத்திருந்தால் அது முதிர்ந்திருக்கலாம். முதல் கட்சியின் கோபத்தில் நியாயமான பகுதி அதுதான். ஆனால் அவர்கள் ஆத்திரப்பட்ட அதே தேர்வுதான் 2023ல் அணியைக் காப்பாற்றியது. இரண்டும் ஒரே ரசீதின் இரண்டு பக்கங்கள்.

2025 ஏப்ரலில் டிராஃப்டே கிரீன் பேயில் நடந்தது. 23வது இடம் வந்தபோது, ஓய்வுபெறப் போகும் தலைவர் மார்க் மர்ஃபி மேடையேறி மேத்யூ கோல்டன் என்ற பெயரை வாசித்தார். ரிசீவர்! 2002ல் ஜேவன் வாக்கருக்குப் பிறகு முதல் சுற்றில் பேக்கர்ஸ் எடுத்த முதல் ரிசீவர். 23 வருஷக் காத்திருப்பு. கூட்டம் போட்ட சத்தத்தில் இரண்டு கட்சியும் இருந்திருக்கும்.

அன்று கத்தியவர்களுக்கு ஒரே ஒரு பரீட்சை பாக்கி. அந்தப் பையன் கையிலிருந்து முதல் பந்து நழுவும்போது அவர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் அது. ஈவுத்தொகை இல்லாத பங்கை 300 டாலர் கொடுத்து வாங்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரு ரிசீவருக்கு இரண்டு வருஷம் கொடுப்பது அவ்வளவு கஷ்டமா என்ன?